கானோ ஏன் சொட்டு மருந்தை மறுத்தது?

வட நைஜீரியாவில் உள்ள கானோ மாநிலம் 2003-இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. பெண்களை மலடாக்கும் பொருளும் எச்.ஐ.வி. கிருமியும் அதில் கலந்திருப்பதாகப் பேச்சு பரவியிருந்தது. இரண்டும் பொய். ஆனாலும் மதத் தலைவர்கள் சொன்னார்கள், படித்த மருத்துவர் ஒருவரும் சொன்னார், மக்கள் நம்பினார்கள்.

அறியாமை என்று இதை ஒதுக்கிவிடுவது அநியாயம். 1996-இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் ட்ரோவன் என்ற புதிய மருந்தைச் சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு உட்பட்ட 200 குழந்தைகளில் 11 பேர் இறந்தார்கள். நோய்தான் காரணம் என்றது நிறுவனம். சோதனை என்றே எங்களிடம் சொல்லவில்லை என்றார்கள் பெற்றோர். 2009-இல் 7.5 கோடி டாலர் தர நிறுவனம் உடன்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த ஊரில் அடுத்து ஒரு மருந்து வந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

அதோடு அரசியலும் சேர்ந்தது. 2003 அதிபர் தேர்தலில் தெற்கைச் சேர்ந்த ஒபசாஞ்சோ, வடக்கின் புகாரியை வென்றிருந்தார். கானோவில் ஆளுநரான ஷெகாராவ் புகாரியின் கட்சிக்காரர். (அங்கே ஆளுநர் என்பவர், நம் முதலமைச்சர் போல, தேர்தலில் வென்று வருபவர்.) மருந்து பாதுகாப்பானது என்று மத்திய அரசு சோதித்துச் சொன்னதைக் கானோ ஏற்கவில்லை. சொன்னது யார் என்பதே அங்கே கேள்வி.

தாய்மார்களுக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. மலேரியாவில் பிள்ளை துடிக்கும்போது மருத்துவமனையில் மாத்திரை கிடைப்பதில்லை. யாரும் கேட்காத சொட்டு மருந்தை மட்டும் வீடு தேடி வந்து இலவசமாகத் தருகிறார்களே, ஏன்? இதற்கு எந்த ஆய்வகத்திலும் பதில் இல்லை.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்து வந்த பிறகே, 2004 ஜூலையில் கானோ இறங்கிவந்தது. அதற்குள் நைஜீரியக் கிருமி பல நாடுகளுக்குப் போய்விட்டது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாத இந்தோனேசியாவிலேயே, 2005-இல் குழந்தைகளின் கால்கள் செயலிழந்தன.

பிற்பாடு எமிர்கள் எனப்படும் உள்ளூர் மரபுத் தலைவர்கள் முன்னே நின்று மருந்து போடச் செய்தார்கள். சொட்டு மருந்தோடு மற்ற நோய்களுக்கும் மருந்து தரும் முகாம்கள் நடந்தன. 2020 ஆகஸ்டில்தான் ஆப்பிரிக்கா இயற்கைப் போலியோ கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.