ஜெல்லில் மருந்து மட்டுமா இருக்கிறது?

முழங்கால் வலிக்கும் சுளுக்குக்கும் ஜெல் தடவிக்கொள்ளாத இல்லம் இன்று அரிது. வலி தணிகிறது. ஆயினும் சிலருக்கு ஓரிரு நாள்களில் தடவிய இடம் சிவந்து தடித்து, தாங்கவொண்ணா அரிப்பு எடுக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு கம்பெனியின் ஜெல்லை வாங்குகிறோம். அதுவும் அரிக்கிறது! இதன் காரணம் யாதென நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

டைக்ளோஃபெனாக் ஜெல்லில் அம்மருந்து பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கே. எஞ்சியவை நீர், குழைவூட்டும் பொருள், கெடாது காக்கும் பொருள், நறுமணம், மருந்து தோலினுள் இறங்கத் துணைபுரியும் புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை. ஒவ்வாமை இவற்றுள் ஒன்றினாலும் வரலாம். புரோப்பிலீன் கிளைக்காலை அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2018ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பெயர் வேறான இரு ஜெல்களிலும் அதுவே இருப்பின், கம்பெனியை மாற்றிப் பயனென்ன? அரிப்புக்கு மேலும் ஒரு களிம்பைப் பூசுவது நம்மவர் வழக்கம். உண்மைக் காரணம் அதனால் இன்னும் ஆழத்தில் மறைந்துவிடுகிறது.

அதைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. யோசப் யாடசோன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1895இல் அதனை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பர். சில நாள்களுக்குப் பின் மீண்டும் பார்ப்பர். இவ்வகை ஒவ்வாமை மெதுவாகவே வெளிப்படும்.

கீட்டோப்ரொஃபென் ஜெல்லின் கதை வேறு. அங்கே மருந்தே வெயிலோடு கூடிச் சிலருக்குக் கொப்புளங்களை உண்டாக்குகிறது. ஆகவே, தடவும் நாள்களிலும், நிறுத்தியபின் இரு வாரங்களும் அவ்விடத்தில் வெயில் படாது காக்குமாறு ஐரோப்பிய மருந்து ஆணையம் 2010இல் வலியுறுத்தியது.

தோல் தடிப்பு அற்பமென்று எண்ணற்க. சிறுநீர்க் குழாய் செருகும்போது பூசும் ஜெல்கள் சிலவற்றில் குளோர்ஹெக்ஸிடின் என்னும் கிருமிநாசினி உண்டு. அதற்கு முன்பு தடிப்பு மட்டுமே கண்ட ஒருவருக்கு, அறுவை மேசையில் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இது அரிது; ஆனால் உண்மை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்பொருளைக் குறித்து 2017இல் எச்சரித்துள்ளது.

எனவே தடிப்பு கண்டால் ஜெல்லை நிறுத்திக் கழுவி, அந்தக் குழாயோடும் அட்டைப் பெட்டியோடும் மருத்துவரிடம் செல்வது நலம். காரணப் பொருள் தெரிந்தபின் அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ள வேண்டும். அறுவைக்கு முன் அதை மயக்க மருத்துவரிடம் காட்டுக. பல் மருத்துவரிடமும் காட்டுக. வாய் கொப்பளிக்க அவர் தரும் மருந்திலும் குளோர்ஹெக்ஸிடின் இருக்கக்கூடும்.