புள்ளிமான் கொம்பு

புள்ளிமான் கொம்பு என்பது ஆண் புள்ளிமானின் (கலையின்) தலையில் முளைத்து, வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும் எலும்பாலான உறுப்பு ஆகும். பிணைக்குக் கொம்பு இல்லை. பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் சிறீஅரிக்கோட்டாத் தீவிலும், சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவிலும் இம்மான்கள் வாழ்கின்றன. கிண்டியிலுள்ள வெளிமான் இரலை வகையைச் சேர்ந்தது. அதன் கொம்பு கிளைப்பதுமில்லை, உதிர்வதுமில்லை.

வளரும் கொம்பைக் குருதிக்குழாய்கள் நிறைந்த மென்தோல் போர்த்தியிருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மிகும்போது எலும்பு இறுகித் தோல் உரியும். அது குறையும்போது கொம்பு உதிரும். பக்கத்திற்கு மூன்று முனைகள் இருப்பது வழக்கம்.

== இயல்பு மீறிய வளர்ச்சி ==

மென்தோல் பருவத்தில் அடிபட்டால் கொம்பு கோணலாகவோ கூடுதல் கிளைகளுடனோ வளரும். கொம்பு முளைக்கும் எலும்புத் தண்டு சிதைந்தால் அக்குறை ஆண்டுதோறும் திரும்பக்கூடும். வட அமெரிக்க வெண்வால் மான்களில் பின்னங்காலில் காயம்பட்டால், பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்பு குறுகிக் கோணுகிறது. விரை பழுதுபட்ட மானின் கொம்பு மென்தோலுடனேயே நின்று, முடிச்சு முடிச்சாகப் பெருக்கும். வேட்டைக்காரர் வியந்து சுவரில் மாட்டும் விந்தைக் கொம்புகள் சில, உண்மையில் நோயின் அடையாளங்களே. மாறாக, நல்ல உணவும் முதிர்ந்த வயதும் மரபும் கூடினாலும் கொம்பு பெருக்கும்.

ஒழுங்கற்ற வெண்வால் மான் கொம்புகளுக்கான பூன் அண்டு குரோக்கெட் கழகப் பட்டியலில் முதலிடம் பெற்றது, 1981 இல் மிசூரி மாநிலத்தில் இறந்துகிடந்த மானின் கொம்பு (333 7/8 புள்ளிகள்). அது வேட்டையில் கிடைத்ததன்று.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானை வேட்டையாடுவதும் அதன் கொம்பை விற்பதும் குற்றமாகும்.