கழிவுநீரில் விளையும் பச்சைப் பயிர்

கிணற்றடித் தொட்டியில் பாசி பிடித்தால் பொச்சுப் போட்டு உரஞ்சிக் கழுவுவது எங்கள் வழக்கம். அதே பாசியை, அதுவும் கழிவுநீரில், வேண்டுமென்றே வளர்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

கழிவுநீரில் நைதரசனும் பொசுபரசும் நிறைய உண்டு. இவை பயிருக்கு உரம். ஆனால் ஏரியில் கலந்தால் பாசி கட்டுக்கடங்காமல் பெருகும். அது அழுகும்போது ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் சாகும். எனவே பல சுத்திகரிப்பு நிலையங்களில் மின்சாரத்தால் காற்றை ஊதி, பற்றீரியாவைக் கொண்டு நைதரசனை வாயுவாக்கி வானத்தில் விடுகிறார்கள். மறுபுறம், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து உரமாக்க வேறு தொழிற்சாலைகள் இயற்கை வாயுவைச் செலவழிக்கின்றன. ஒரு கையால் எறிந்ததை மறு கையால் விலைக்கு வாங்குகிறோம்!

ஏரியில் நடக்கும் பெருக்கத்தைத் தொட்டிக்குள்ளேயே நடத்தினால் என்ன? கலிபோர்னியாவில் வில்லியம் ஒஸ்வால்ட் 1950களில் இந்த வழியை ஆராய்ந்தார். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் ஆழமான, ஓட்டப்பந்தயத் திடல் போன்ற தொட்டியில் துடுப்புச் சக்கரம் நீரை மெதுவாகச் சுற்றவிடும். பற்றீரியா அழுக்கை உண்டு காபனீரொட்சைட்டை விடும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி அதை எடுத்து, வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனைத் திருப்பிக் கொடுக்கும். காற்று ஊதும் செலவு குறைகிறது. நைதரசனும் பொசுபரசும் பாசியின் உடலில் சேர்கின்றன.

தென் ஸ்பெயினின் சிக்லானா நகரில் 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். விளைந்த பாசியைக் காற்றுப்புகாத கலன்களில் நொதிக்கவைத்து, கிடைத்த மெதேன் வாயுவில் கார்களையும் ஓட்டிக் காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. நிலம் அதிகம் வேண்டும். குளிர்காலத்தில் வெயில் போதாது. பெரிய சிக்கல் அறுவடைதான்: ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராம் பாசிகூடத் தேறுவதில்லை. அதைப் பிரித்தெடுக்கும் செலவே பல திட்டங்களுக்குத் தடை. கிருமியும் பார உலோகங்களும் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் உரமாகவும் இடமுடியாது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழிகளிலிருந்தும் தோட்ட உரத்திலிருந்தும் நைதரேற்று கிணறுகளுக்குள் இறங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏற்கெனவே கெட்ட கிணற்றைப் பாசித் தொட்டி திருத்தாது. ஆனால் குழிக்குள் போகும் கழிவை முதலில் குழாய்வழி ஓரிடத்தில் சேர்த்தால், கிணற்றைக் கெடுப்பதில் ஒரு பங்கையாவது தோட்டத்துக்குத் திருப்பலாம். வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை.