‘போயிட்டு வர்றேன்’: ஜப்பானிய மொழிக்கு ஒரு தமிழ் வாசல்

மயிலாப்பூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கட்டுரை நோட்டுக்குப் பதிலாக வேறொரு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டார். பக்கம் முழுவதும் ஜப்பானிய எழுத்துகள், அருகில் ஆங்கிலப் பொருள், பல இடங்களில் கேள்விக்குறி.

அழைத்துக் கேட்டேன். வார இறுதிகளில் லஸ் முனையில் பேருந்து ஏறித் தியாகராய நகரில் ஜப்பானிய வகுப்புக்குப் போகிறாராம். செவிலியர் படிப்பை முடித்து ஜப்பானில் பணியாற்ற வேண்டும் என்பது ஆசை. ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு. என்5 எளியது, என்1 கடினமானது. முதல் இரண்டு நிலைகளில் தேறிவிட்டு, இடைநிலையான என்3-க்குப் படித்துக்கொண்டிருந்தார்.

“விட்டுடலாம்னு இருக்கேன் மிஸ். எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் விளக்குறாங்க. தமிழ் மீடியத்துக்கு இதுக்கு மேல கஷ்டம்னு சொல்லிட்டாங்க” என்றார்.

‘முதலில் பொதுத்தேர்வைப் பார்’ என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால், அவர் வட்டமிட்டிருந்த இரண்டு சொற்கள் என்னை நிறுத்தின.

தாவும் கொடுவும்

‘அகெரு’, ‘குரெரு’ ஆகிய இரண்டுக்கும் நோட்டில் ‘கிவ்’ என்றே ஆங்கிலப் பொருள் இருந்தது. எங்கே எது வரும் என்பதுதான் அவருடைய குழப்பம். பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ கொடுத்தால் குரெரு. நான் பிறருக்குக் கொடுத்தால் அகெரு.

இது நமக்குப் பழக்கமான பாடமல்லவா? ‘தா’, ‘வா’ என்னும் சொற்கள் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், ‘செல்’, ‘கொடு’ என்பவை படர்க்கைக்கும் உரியவை எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்திருக்கிறது. இன்றும் ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’ என்பதே இயல்பாக ஒலிக்கிறது. முன்னிலையில் ஜப்பானியம் சற்று மாறுபடும். ஆனாலும், கொடுக்கும் பொருள் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கும் பார்வை ஒன்றே. அதைச் சொன்னதும் அவர் நோட்டில் ‘கிவ்’ என்பதை அடித்துவிட்டு, ‘தா’, ‘கொடு’ என்று எழுதினார்.

சாப்பிட்டுப் பார்

அதன்பின் வாரம் ஒரு நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்தோம். அவர் ஜப்பானிய வாக்கியம் சொல்வார். நான் இலக்கணம் தேடுவேன். இடைநிலைப் பாடங்களில் மாணவர்களைத் திணறவைக்கும் துணைவினைகளே எங்களுக்கு எளிதாக இருந்தன.

‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’வின் நேர்ப்பொருளே பார்த்தல்தான்.
‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வை. ‘ஒகு’ என்பது வைத்தல்.
‘இத்தெ கிமஸ்’ என்றால் போய் வருகிறேன்.

கடைசித் தொடரை ஜப்பானியர்கள் வீட்டிலிருந்து புறப்படும்போது சொல்வார்கள். வீட்டில் இருப்பவர் ‘போய் வா’ எனப் பொருள்படும் தொடரால் விடை கொடுப்பார். ‘போறேன்’ என்று சொல்லாதே என நம் வீட்டுப் பெரியவர்கள் திருத்துவது நினைவுக்கு வரும்.

சுட்டுச் சொற்களில் ‘கொரெ, ஸொரெ, அரெ’ என மூன்று உண்டு. நமக்கும் ‘இது, உது, அது’ இருந்தன. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும் ‘உது’ யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் வழங்குகிறது. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்ற தொடரைச் சொல் வரிசை மாறாமல் ஜப்பானியத்தில் சொல்லலாம்.

இவற்றைக் கொண்டு இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடக் கூடாது. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919–2008) அப்படியொரு உறவை முன்வைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் அவரோடு இணைந்து ஆய்வு செய்தனர். பெரும்பாலான மொழியியலாளர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. வினையை இறுதியில் வைக்கும் வழக்கம் கொரிய, துருக்கிய மொழிகளிலும் உண்டு. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கற்பவருக்கு ஒற்றுமை பயன்படும்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

அப்பாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் நாம் ‘வந்திருக்கிறார்’ என்போம். ஜப்பானியரோ வெளியாரிடம் பேசும்போது தம் தந்தையையும் தம் மேலதிகாரியையும் உயர்த்திப் பேசுவதில்லை. ‘நம்மவர்’, ‘வெளியார்’ என்ற பிரிவு அங்கே மரியாதைச் சொல்லைத் தீர்மானிக்கிறது. இதை இலக்கணமாக மட்டும் படித்தால் போதாது. பண்பாடாகவும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒலியிலும் கவனம் தேவை. ‘தென்கி’ என்று தமிழில் எழுதினால் வானிலையா மின்சாரமா என்று தெரியாது. முதல் ஒலி வல்லோசையா மென்மையா என்பதில்தான் அங்கே பொருள் மாறுகிறது. ஆகவே, குறிப்பெடுக்கத் தமிழ் எழுத்தை நம்பாமல் ஜப்பானிய எழுத்திலேயே எழுதச் சொன்னேன். குறில், நெடில் வேறுபாட்டில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளுக்கோ குறுக்குவழி இல்லை. ஜப்பானியக் குழந்தைகளே தொடக்கப் பள்ளியில் 1,026 கன்ஜிகளைப் படிக்கிறார்கள்.

நம் வகுப்பறைக்கு

ஜப்பானியம் தெரியாத நான் அந்த மாணவிக்கு ஜப்பானியம் கற்பிக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழை எடுத்துக்காட்டினேன், அவ்வளவே. ஆங்கிலம், இந்தி, பிரெஞ்சு என எதைக் கற்கும் மாணவருக்கும் இதைச் செய்யலாம். வேற்றுமை உருபு, வினையெச்சம், துணைவினை நடத்தும்போது, ‘நீங்கள் அறிந்த வேறு மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளை அன்று வகுப்புக்கே ஆசிரியராவதைக் காண்பீர்கள். ஒத்துப்போகும் இடங்களை ஒரு நிரலிலும், மாறுபடும் இடங்களை மற்றொன்றிலும் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டாவது நிரலும் முக்கியம்.

என்3 தேர்வை டிசம்பரில் எழுதிய அவர், சில மதிப்பெண்களில் தவறவிட்டார். காரணம், கன்ஜி. மீண்டும் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறார். தியாகராய நகர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தமிழ்வழி மாணவர்களுக்கு அவர்தான் இப்போது துணைவினை சொல்லிக்கொடுக்கிறாராம். பள்ளி முடிந்து கிளம்பும்போது என் அறை வாசலில் நின்று ‘இத்தெ கிமஸ்’ என்கிறார். நான் தமிழிலேயே ‘போயிட்டு வாம்மா’ என்கிறேன்.