பலகை விற்கும் கடையும் பலகை விரிக்கும் கடையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் மிளகு, காபி, தேன், பலா, அன்னாசி, சாமை என்று மலையில் விளைவதெல்லாம் விலைக்கு வரும். ஆனால் நல்ல மரத்தில் கடைந்த பல்லாங்குழியோ ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையோ தேடுகிறவர் பெரும்பாலும் மலையிறங்கி நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோதான் போக வேண்டியிருக்கும். அங்கும் பலகை விளையாட்டுக்கென்றே ஒரு கடை என்று கைகாட்டுவது கடினம். தாயக்கட்டை பாத்திரக் கடையில் இருக்கும். பரமபத அட்டை, வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது கோயில் வாசல் கடையில் தொங்கும். கேரம் போர்டு ஸ்போர்ட்ஸ் கடையில், லூடோ அட்டை பேன்சி ஸ்டோரில். இப்படிச் சிதறிக் கிடப்பதுதான் குறை, எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்துவிட்டால் ஊருக்கு நல்ல விளையாட்டுக் கடை கிடைத்துவிடும் என்று தோன்றலாம். அது மட்டும் போதாது என்பது என் கருத்து. அலமாரியில் எத்தனை பெட்டி அடுக்கியிருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், அந்தப் பெட்டியைப் பிரித்து விரிக்க இடம் இருக்கிறதா, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்குக் கடை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆடு வைப்பவர் ஒவ்வொன்றாகப் பலகையில் இறக்குவார். எல்லா ஆடுகளும் இறங்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. புலி, பக்கத்து ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் அந்த ஆடு வெட்டு. மூன்று புலிகளும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. இவ்வளவையும் உள்ளங்கை அளவுத் தாளில் அச்சடித்துவிடலாம், பல பெட்டிகளுக்குள் அப்படித்தான் மடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஆடும் புது ஆள், கையிலுள்ள ஆடுகளைப் பலகையின் நடுவில் இறக்குவார். புலி வரிசையாகத் தின்றுவிடும். நாலு ஆட்டம் இப்படிப் போனதும், இது புலிக்காகவே செய்த விளையாட்டு என்று முடிவுகட்டிப் பலகையைப் பரணில் போட்டுவிடுவார். கோடு முடியும் மூலையில் வைத்த ஆட்டைப் புலி தொட முடியாது, அதைத் தாண்டிப் போய் இறங்கப் புள்ளியே கிடையாது. அங்கிருந்து தொடங்கி, ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் இன்னோர் ஆடு இருக்கும்படி அடைத்துக்கொண்டே வர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழகிய ஆள் இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால்தான் வாங்கிய பலகைகளில் பல பரணுக்குப் போகின்றன. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த மாற்றங்களை எந்தத் தாளிலும் அடக்க முடியாது.

பொருளின் தரமும் இதே அளவுகோலுக்குள் வந்துவிடுகிறது. உட்கார்ந்து ஆடிப் பார்க்க விடும் கடையில் மோசமான சரக்கு நிலைக்காது. பல்லாங்குழியில் வரிசைக்கு 7 வீதம் 14 குழிகள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஒரே குழியில் இருபதுக்கு மேல் காய்கள் சேரும். குழி ஆழமில்லாவிட்டால் காய்கள் வழிந்து பக்கத்துக் குழியில் விழும், பிறகு யார் கணக்கு சரி என்று சண்டைதான். நான்கு விரலும் உள்ளே இறங்கி ஒரே அள்ளில் எல்லாக் காய்களும் கைக்கு வர வேண்டும். அழகுப் பொருளாகச் செய்யும் பலகைகள் பலவற்றில் சித்திர வேலை நேர்த்தியாக இருக்கும், குழி மட்டும் கரண்டியளவுதான் இருக்கும். ஷோகேஸ் கண்ணாடி வழியே பார்க்கிறவருக்கு இது தெரியாது, காய் போட்டு ஒரு சுற்று ஆடினவருக்குத் தெரியும். தாயக்கட்டையும் அப்படியே. ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும் உள்ள நாலு பட்டைக் கட்டை அது. வார்ப்பு கோணலாகவோ பட்டை தேய்ந்தோ இருந்தால் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப விழும். தாயம் விழாமல் காய் இறக்க முடியாத ஆட்டத்தில், கோணல் கட்டை ஆட்டத்தையே கொன்றுவிடும். தரையில் பத்துப் பதினைந்து முறை உருட்டிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டிய பொருளைப் பல கடைகளில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி விற்கிறார்கள். இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும்: பல்லாங்குழிக் காயாகச் சில இடங்களில் குன்றிமணி தருகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சோழியோ புளியங்கொட்டையோ போதும்.

இடமும் ஆளும் முதலில், விற்பனை பிறகு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அங்கே பலகைகள் இருந்தன, கடிகாரங்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக மாலைதோறும் எதிரே உட்காரத் தன்னைவிட வல்ல ஆள் ஒருவர் இருந்தார். வீட்டில் அம்மாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் பழகினார், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024-இல் சென்னையின் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் அந்த நீண்ட வரிசையில் வந்தவை. கேரம் கதையும் அதுதான். சென்னையின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமாவும் சென்னைதான். அந்த நகரத்தின் சந்துகளில் ஒரு பலகை, அதன் மேல் தொங்கும் ஒரு விளக்கு, ஒரு டப்பா போரிக் பவுடர், சுற்றி நின்று பார்க்கும் பையன்கள் என்று நடக்கும் மன்றங்கள் இல்லாமல் அந்த ஆட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அப்படிப்பட்ட மன்றம் அருகில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கடைக்காரருக்குக் கேரம் போர்டு விற்பது பெரிய காரியமே இல்லை.

மரபு விளையாட்டுகளை மீட்க முயன்றவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சென்னையில் 2002-இல் வினிதா சித்தார்த்தா தொடங்கிய ‘க்ரீடா’ பழைய ஆட்டங்களைப் புதிதாக வடிவமைத்து விற்பதோடு நிற்கவில்லை, ஆடிக் காட்டும் பயிலரங்குகளையும் கூடவே நடத்தியது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் ‘கிரீடா கௌசல்யா’ என்ற பெயரில் நடத்தும் கண்காட்சிகளில் பல பகுதிக் கைவினைஞர்கள் செய்த பலகைகளைப் பார்க்கலாம், ஆடும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது பொருத்தமான ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தாமே பல பலகை விளையாட்டுகளை உருவாக்கியவர், ஆடும் முறைகளைத் தம் ‘ஸ்ரீதத்துவநிதி’யில் பதிந்து வைத்தவர். மைலாப்பூரில் கிரி டிரேடிங் போன்ற கடையில் பூஜைச் சாமான் வாங்கப் போகிறவர் கண்ணில் பல்லாங்குழி படுகிறது, அதுவும் ஒரு சேவையே. ஆனால் வாங்குகிறவர் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் நடக்கும் விற்பனை அது. அந்த நம்பிக்கை அறுபது வயதுக்காரரிடம் செல்லும், அவருடைய பேத்தியிடம் செல்லாது.

வாடகைக் கணக்கு தெரிந்த வியாபாரி இதைக் கேட்டால் உடனே மறுப்பார். ஒரு மேசையும் நாலு நாற்காலியும் அடைக்கும் இடத்தில் ஓர் அலமாரி நிற்கும். சும்மா ஆடிவிட்டுப் போகிறவர்களால் கல்லாப்பெட்டி நிறையுமா? கேள்வி நியாயமானது. இதற்கு வெளிநாடுகளில் கிடைத்த விடை, ஆடும் நேரத்துக்கே காசு வாங்குவது. சிங்கப்பூரில் 2005-இல் ‘தி மைண்ட் கஃபே’யும் டொராண்டோவில் 2010-இல் ‘ஸ்னேக்ஸ் அண்ட் லாட்டேஸ்’ஸும் அந்த வழியில் வந்தவை. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டினால் அலமாரியில் உள்ள எதையும் எடுத்து ஆடலாம், சிற்றுண்டி உண்டு, சொல்லித்தர ஆட்களும் உண்டு. ‘கட்டான்’ போன்ற விலை கூடிய ஜெர்மன் விளையாட்டைத் தெரியாமல் வாங்கி ஏமாறுவதைவிட ஒருமுறை ஆடிப் பார்க்கக் காசு கொடுப்பது லாபம் என்று அங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த ஏற்பாடு அப்படியே ராசிபுரத்தில் ஓடும் என்று நான் சொல்லவில்லை. பெருநகரச் சம்பளக்காரர்கள் இல்லாத ஊரில் மணிக்கணக்குக் கட்டணம் எடுபடாது. ஆனால் ஞாயிறு மாலை மட்டும் கடை முன்னால் ஒரு பாய் விரிக்கப் பெரிய முதல் வேண்டாம். விலை ஒரு தடை என்கிற வாதத்திலும் இப்போது பாதி வலுதான் மிச்சம்: சதுரங்கம், கேரம், லூடோ முதலிய பலகை விளையாட்டுகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

கையில் போன் இருக்கும்போது பலகை எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2016-இல் வந்த ‘லூடோ கிங்’, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஓடியது. தாயத்தின் உறவுக்கார ஆட்டம்தான் அது, ஆகவே பகடை உருட்டும் ஆசை நம்மவர்களை விட்டுப் போகவில்லை என்பதற்கு நான் அதையே சாட்சியாக வைப்பேன். போனில் எண்ணும் வேலையை மென்பொருள் செய்துவிடுகிறது. பல்லாங்குழியில் எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும், அடுத்த அள்ளு எங்கிருந்து என்று விரல் வைக்காமல் கண்ணாலேயே எண்ணிப் பழகும் குழந்தைக்குக் கிடைப்பது வேறு. தவிர, போன் ஆட்டத்தில் தோற்கிறவர் ஒரு பொத்தானில் ஓடிவிடலாம். எதிரே பாட்டி உட்கார்ந்திருந்தால் ஆட்டத்தை முடித்துத்தான் எழ முடியும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது, அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். நம் விளையாட்டுகளுக்குக் கடை எப்போது தேவைப்பட்டது? தரையில் கரிக்கட்டியால் நாலு கோடு, கூழாங்கல், புளியங்கொட்டை போதாதா? கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் தந்தத்தில் செய்த பகடையும் கிடைத்திருக்கின்றன. பழைய கோயில்களின் கல்தளத்தில் ஆட்டக் கோடுகள் கீறியிருப்பதை இன்றும் பார்க்கலாம். கடையில்லாமல் இத்தனை நூற்றாண்டு வாழ்ந்ததைக் கடைக்குள் கொண்டுபோய் அடைப்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகாதா? பலகைக்குக் கடை வேண்டாம் என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் பலகையோடு ஆளும் இலவசமாகக் கிடைத்தார். திண்ணையில் தாத்தா இருந்தார், மதிய வேளையில் ஆச்சி இருந்தார். இன்று கொல்லிமலைப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோர் பலர் வேலைக்காகச் சமவெளிக்கும் வெளிமாநிலத்துக்கும் போகிறார்கள். சொல்லிக்கொடுக்கும் வயதும் கற்கும் வயதும் ஒரே முற்றத்தில் சேரும் நாட்கள் குறைந்துவிட்டன. அவர்கள் சேர ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம். நகரத்தில் அது கடையாக இருக்கலாம், மலையில் வேறொன்றாக இருக்கலாம்.

கொல்லிமலையில் அந்த இடத்துக்கான சாத்தியங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில் வித்தைப் போட்டி உண்டு, அரசுத் துறைகளின் அரங்குகள் உண்டு, ‘நாடு’ எனப்படும் மலையின் ஊர்த் தொகுதிகளிலிருந்தெல்லாம் மக்கள் இறங்கி வருகிறார்கள். வளப்பூர் நாட்டுக்காரரும் குண்டூர் நாட்டுக்காரரும் ஆடுபுலியில் எதிரெதிரே உட்கார அங்கே பத்துப் பதினைந்து பாய் போதும். ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வரும் குடும்பங்களுக்காக, மிளகு விற்கும் மகளிர் குழுவே துணியில் கோடு அச்சடித்த ஆடுபுலிப் பலகையையும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையையும் விற்கலாம். சுருட்டினால் பைக்குள் அடங்கும், வளைவுகளில் இறங்கும்போது உடையாது. வாங்குகிறவர் கேட்டால் கடைத் திண்ணையிலேயே ஓர் ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் அந்தக் குழு தன் விதியாக வைத்துக்கொள்ளட்டும். ஆடிக் காட்டப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்தால் அவருக்கும் விற்பனையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், அவர் செய்வதும் வேலைதான்.