டயலிசிஸ் கையைக் காப்போம்



சீனி வருத்தமோ பிரஷரோ முற்றி இரண்டு சிறுநீரகமும் பழுதானால், வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தத்தை மிஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்வார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 4 மணித்தியாலம் செல்லும். கையிலுள்ள சாதாரண நாளம் அந்த வேகத்துக்கு இரத்தம் தராது. ஆகவே சிறு ஆபரேஷன் செய்து நாடியையும் நாளத்தையும் இணைக்கிறார்கள். இதற்கு பிஸ்டுலா என்று பெயர். 1966இல் நியூயோர்க் டாக்டர்மார் பிரெசியா, சிமினோ முதலியோர் வெளியிட்ட முறை இது.

நாளம் பருத்து ஊசி போடத் தயாராக 6 வாரம் முதல் 3 மாதம் வரை எடுக்கும். எனவே டாக்டர் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம். அவசரத்தில் கழுத்தில் குழாய் போட்டால் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம்.

"கையில் வெட்டினால் கொழுந்து எடுக்க ஏலாதே" என்று நம்மிடம் கேட்பார்கள். புண் ஆறியபின் டாக்டரைக் கேட்டு இலேசான வேலை செய்யலாம். விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம், கொழுந்துச் சாக்கு எதையும் அந்தக் கையால் தூக்கக் கூடாது. அதை வீட்டார் பொறுப்பெடுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். இறுக்கமான வளையலும் வேண்டாம்.

தினமும் காலையில் விரல் வைத்துப் பாருங்கள். கிர்ரென்று அதிர வேண்டும். அதிர்வு நின்றால் இரத்தம் உறைந்திருக்கலாம். கண்டிக்குப் போய்வர ஒருநாள் சம்பளம் போகும்தான். ஆனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிந்தினால் அந்த பிஸ்டுலாவே பயன்படாமல் போய்விடும்.