பாடத்தைக் கைவிடும் முன் ஒரு கேள்வி



ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நம் பிள்ளைகள் சிலர் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள். நகையை அடகு வைத்தும், வீட்டின் பேரில் கடன் வாங்கியும், நமது அறக்கட்டளையின் கல்வி உதவியைப் பெற்றும்தான் பெரும்பாலோர் போகிறார்கள். புறப்படும் முன் தங்குமிடம், குளிர் உடை, ஹலால் உணவு என்று எத்தனையோ விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் எடுத்த பாடம் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை.

நாங்கள் உதவிய ஒரு மாணவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகலைப் படிப்பின் முதல் செமஸ்டரில் அவர் மூன்று பாடங்கள் எடுத்திருந்தார். அவற்றில் ஒன்று தலைக்கு ஏறவில்லை. ஆறாவது வாரத் தேர்வில் மதிப்பெண் மிகக் குறைவு. ஓர் இரவு பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்து அந்தப் பாடத்தைக் கைவிட்டுவிட்டார். கணினி எதுவும் கேட்கவில்லை, உடனே ஏற்றுக்கொண்டது. சில நாட்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: முழுநேர மாணவராக இல்லாததால் அவருடைய மாணவர் தகுதி முடிவுக்கு வந்துவிட்டது. வாப்பாவிடம் சொல்லப் பயந்து மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தார். கடைசியில் ஊர் திரும்பி, புதிதாக விசா எடுத்து, மறுபடியும் போக வேண்டியதாயிற்று. ஒரு செமஸ்டரும் அதற்குக் கட்டிய பணமும் வீணாயின.

அவர் பாடத்தைக் கைவிட்டது தவறல்ல. கேட்காமல் கைவிட்டதுதான் தவறு. முன்கூட்டியே கேட்டிருந்தால், அதே பாடத்தை முறைப்படி அனுமதி பெற்றுக் கைவிடுவதற்கு அவருக்கு வழி இருந்தது. அந்த விதிகளைத்தான் இங்கே விளக்குகிறோம்.

சேர்க்கவும் நீக்கவும் உள்ள காலம்

நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக் கொடுத்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செமஸ்டரிலும் எந்தெந்தப் பாடம் என்பதை மாணவரே தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு நடக்கும் பாடம் பொதுவாக 3 கிரெடிட்.

வகுப்புகள் தொடங்கிய முதல் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் பாடங்களை மாற்றிக்கொள்வதற்கானவை. இந்தக் காலத்துக்குள் ஒரு பாடத்தை நீக்கினால் மதிப்பெண் பட்டியலில் அதன் அடையாளமே இருக்காது. கிரெடிட் கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில் அந்தப் பாடத்துக்கான பணமும் பொதுவாக முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். எனவே முதல் வாரத்திலேயே எல்லா வகுப்புகளுக்கும் சென்று, பாடத்திட்டத் தாளைப் படித்து, எத்தனை தேர்வு, எத்தனை செயல்முறைப் பணி என்று பார்த்துவிட வேண்டும். ஒத்துவராது என்று தோன்றினால் முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஒன்றை நீக்கி மற்றொன்றை எடுப்பவர்கள் முதலில் புதிய பாடத்தில் இடம் கிடைத்ததை உறுதி செய்துகொள்ள வேண்டும். இடம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் இருக்கும். அது சேர்க்கை ஆகாது. சில பாடங்களுக்கு முன்னதாகப் படித்திருக்க வேண்டிய பாடம் உண்டு. சிலவற்றுக்கு ஆசிரியரின் அனுமதி வேண்டும். கையில் இருப்பதை விட்டுவிட்டு, வரப்போவதை நம்பி நிற்கக் கூடாது.

காலம் கடந்த பின்

மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்த பிறகும் பல வாரங்கள் வரை ஒரு பாடத்திலிருந்து விலக முடியும். ஆனால் அப்போது மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு எதிரே 'டபிள்யூ' என்ற எழுத்து விழும். விலகினார் என்பது அதன் பொருள். சராசரி மதிப்பெண்ணை அது குறைக்காது. முதுகலை மாணவர்கள் பல இடங்களில் 3.0 சராசரியைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால், தோல்வியைக் காட்டும் 'எஃப்'பை விட ஒரு 'டபிள்யூ' எவ்வளவோ மேல். ஆனால் கட்டிய பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பும். நாள் தள்ளிப்போனால் ஒன்றுமே திரும்பாது. ஒரு கிரெடிட்டுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 3 கிரெடிட் பாடம் ஒன்றில் 3,000 டாலர் போய்விடும்.

விலகுவதற்கான கடைசி நாளும் கடந்துவிட்டால், கடும் நோய் போன்ற காரணத்தைச் சான்றுடன் காட்டி மனு கொடுப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டால் பாடம் தானாக நீங்கிவிடாது. பெயர் பதிவில் இருக்கும் வரை கட்டணமும் உண்டு, முடிவில் 'எஃப்'பும் உண்டு. இதற்கு நேர்மாறாக, முதல் வகுப்புக்கு வராதவரின் பெயரை நீக்கிவிடும் வழக்கமும் சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. விசா தாமதத்தால் பிந்திப் போகிறவர்கள் ஆசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும்.

விசா கணக்கு தனி

மேலே சொன்னவை எல்லா மாணவர்களுக்கும் பொது. எஃப்-1 விசாவில் சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. செமஸ்டர்தோறும் அவர்கள் முழுநேர மாணவராகப் பதிவில் இருக்க வேண்டும். இளங்கலைக்கு அது குறைந்தபட்சம் 12 கிரெடிட். முதுகலைக்குப் பல்கலைக்கழகமே வரையறுக்கும். பல இடங்களில் 9. ஆன்லைன் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும்.

அனுமதியின்றி இந்த அளவுக்குக் கீழே போனால், பல்கலைக்கழகம் 21 நாட்களுக்குள் அதைச் செவிஸ் என்ற அரசுப் பதிவேட்டில் தெரிவித்தாக வேண்டும். தகுதி போனால் வளாகத்தில் வேலை செய்யும் உரிமையும் போகும். படிப்புக்குப் பின் வேலைப் பயிற்சிக்கான வாய்ப்பும் கேள்விக்குறியாகும். இழந்த தகுதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பொதுவாக 5 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

பாடப் பதிவுக் கணினிக்கு உங்கள் விசாவைப் பற்றிக் கவலை இல்லை. அது அனுமதித்துவிட்டது என்பதால் சட்டம் அனுமதித்துவிட்டதாக ஆகாது.

அனுமதி பெறும் வழி

முழுநேர அளவுக்குக் குறைவாகப் படிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் அனுமதியைப் பாடத்தை நீக்கும் முன்பே பெற வேண்டும்.

முதலாவது, படிப்பில் ஏற்படும் தொடக்கச் சிரமம். ஆங்கிலத்திலோ வாசிப்புப் பாடங்களிலோ தொடக்கத்தில் தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாமை, தகுதிக்குப் பொருந்தாத நிலையிலுள்ள பாடத்தில் சேர்ந்துவிட்டது ஆகியவை இதில் அடங்கும். முழுநேர அளவில் பாதியாவது படிக்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை.

இரண்டாவது, நோய். மருத்துவரின் சான்று வேண்டும். தேவைப்பட்டால் அந்தச் செமஸ்டரில் ஒரு பாடமும் படிக்காமலேயே இருக்க அனுமதி கிடைக்கும். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதங்கள் வரைதான்.

மூன்றாவது, கடைசிச் செமஸ்டர். பட்டத்துக்கு இன்னும் தேவைப்படும் பாடங்களை மட்டும் எடுத்தால் போதும்.

பணக் கஷ்டமும், மதிப்பெண் குறையும் என்ற பயமும் இந்தப் பட்டியலில் இல்லை. வளாக வேலையால் நேரம் போதவில்லை என்பதும் இல்லை. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அந்த வேலைக்கு அனுமதி உண்டு. படிப்பு தள்ளாடினால் குறைக்க வேண்டியது வேலையைத்தான்.

அனுமதி தருபவர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற பொறுப்பு அதிகாரி. பேராசிரியரோ துறைத்தலைவரோ "சரி" என்று சொன்னது மட்டும் போதாது. டி.எஸ்.ஓ. செவிஸில் பதிவு செய்துவிட்டதாக எழுத்தில் உறுதி வந்த பிறகே பாடத்தை நீக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு

செமஸ்டர் தொடங்கும்போதே பல்கலைக்கழக நாட்காட்டியிலிருந்து மூன்று தேதிகளைக் குறித்து அனுப்பும்படி பிள்ளையிடம் கேளுங்கள்: பாடத்தை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், பணம் திரும்பக் கிடைக்கக் கடைசி நாள், 'டபிள்யூ'வுடன் விலகக் கடைசி நாள். இவை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறு வேறாக இருக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பட்ட கடனை நினைத்தே பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை மறைக்கிறார்கள். "ஒரு பாடம் ஓடவில்லை உம்மா" என்று சொன்னால் வீட்டில் இடி விழுந்ததுபோல ஆகிவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒரு பாடம் போனால் அடுத்த செமஸ்டரில் படித்துக்கொள்ளலாம். மறைத்து வைத்த மூன்று வாரம் திரும்பி வராது.

எங்கள் தரப்பில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். அனுமதி பெற்று ஒரு பாடத்திலிருந்து விலகியதற்காக யாருடைய கல்வி உதவியையும் நாங்கள் நிறுத்த மாட்டோம். படிப்பு நீண்டால் கடனைத் திருப்பும் காலத்தை நீட்டித் தருவது பற்றியும் உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ். கணினியில் அந்தப் பொத்தானை அழுத்தும் முன் அங்கே டி.எஸ்.ஓ.விடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; இங்கே எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரவு எந்நேரமானாலும் பரவாயில்லை. அங்கே இரவு என்றால் இங்கே பகல்தானே!